அரசுப் பள்ளிகளில் ‘முன்னோடித் திட்டம்’: விமர்சகர்கள் எதைத்தான் கேட்கிறார்கள்?

அரசுப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் வருகிறது என்றால் செய்தி பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும். முதற்கட்டமாக இத்தனை பள்ளிகளில், அல்லது இத்தனை மாவட்டங்களில், முன்னோடித் திட்டமாகத் தொடங்கப்படும். அங்கே கிடைக்கும் அனுபவத்தைப் பார்த்து மாநிலம் முழுக்க விரிவுபடுத்தப்படும். சில மாதங்களில் ஆசிரியர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவிக்கும், கல்வியாளர்கள் அறிக்கை விடுவார்கள். துறையோ முடிவுகள் ஊக்கம் தருவதாகச் சொல்லும். அடுத்த ஜூனில் திட்டம் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்துவிடும்.

இதைப் படிக்கிறவருக்கு இயல்பாக எழும் கேள்வி: நல்ல நோக்கத்தோடு, அதுவும் சிறிய அளவில் சோதித்துப் பார்க்கிற ஒன்றை ஏன் எதிர்க்க வேண்டும்? எதிர்ப்பில் அரசியல் இருக்கலாம், சலிப்பும் இருக்கலாம். ஆனால் இரண்டையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் உள்ளே சரக்குள்ள வாதம் ஒன்று இருக்கிறது. நம் அரசுகள் நடத்தும் முன்னோடித் திட்டங்களில் பெரும்பாலானவை சோதனையே அல்ல, முன்கூட்டியே முடிவான திட்டத்தின் முதல் தவணை என்பதுதான் அது. தோற்றால் கைவிடலாம் என்ற வாய்ப்பே இல்லாத ஒன்றைச் சோதனை என்று எப்படிச் சொல்வது?

முன்னோடித் திட்டம் எதைச் சோதிக்கிறது?

முன்னோடித் திட்டம் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

1. இது பலன் தருமா? அதாவது, இந்த முறையில் படித்த பிள்ளைகள் படிக்காதவர்களைவிடக் கூடுதலாகக் கற்கிறார்களா?

2. இதை நடத்த முடியுமா? பொருள் நேரத்துக்கு வருகிறதா, ஆட்கள் கிடைக்கிறார்களா, பணம் போய்ச் சேருகிறதா?

3. பெரிதாக்கினாலும் பலன் நிற்குமா? நூறு பள்ளியில் வேலை செய்தது முப்பதாயிரம் பள்ளியிலும் வேலை செய்யுமா?

தமிழ்நாட்டின் காலை உணவுத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியபோது அது 1,545 பள்ளிகள், 1,14,095 மாணவர்கள், 33.56 கோடி ரூபாய் என்ற அளவில் இருந்தது. பசித்த பிள்ளைக்குச் சாப்பாடு போடுவது நல்லதா என்று யாரும் சோதிக்கத் தேவையில்லை. அங்கே கேள்வி இரண்டாவது வகை: பள்ளி மணி அடிப்பதற்குள் சூடான உப்புமாவோ பொங்கலோ பிள்ளையின் தட்டுக்கு வந்து சேருமா? அதற்கு ஒரு கல்வியாண்டு முன்னோட்டம் போதும். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையிலிருந்து அதை மற்ற அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரித்ததில் முறை தவறவில்லை.

ஆனால் வகுப்பறைக்குள் கற்பிக்கும் முறையையே மாற்றும் திட்டம் முதல் வகைக் கேள்வியைச் சேர்ந்தது. அதற்கு நாள் பிடிக்கும், ஒப்பிட ஆள் வேண்டும், பதில் ‘இல்லை’ என்றும் வரலாம். முதல் கேள்விக்கான விடையைத் தேட வேண்டிய இடத்தில் இரண்டாவது கேள்விக்கு விடை கண்டுவிட்டு, ‘திட்டம் வெற்றி’ என்று அறிவிப்பதுதான் வழக்கம். பயிற்சி கொடுத்தாயிற்று, புத்தகம் போய்ச் சேர்ந்தது, இத்தனை லட்சம் பிள்ளைகள் பயனடைந்தார்கள் என்பதெல்லாம் நடந்ததற்கான கணக்கு. பிள்ளை கற்றதற்கான கணக்கு வேறு.

‘மதிப்பெண் கூடியது’ என்பது ஏன் போதாது?

ஒரு மாவட்டத்தில் மிகவும் பின்தங்கிய 50 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து ஒரு திட்டத்தைத் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். ஓராண்டு கழித்து அவற்றின் தேர்ச்சி விகிதம் கூடியிருக்கிறது. திட்டம்தான் காரணமா?

அவசியமில்லை. ஒரு பள்ளி கடைசி வரிசைக்குப் போனதற்கு அந்த ஆண்டு மட்டும் நடந்த ஏதோ ஒன்றும் காரணமாக இருந்திருக்கும்: கணக்கு ஆசிரியர் பணியிடம் காலி, ஊரில் வெள்ளம், தலைமையாசிரியர் மாறுதல். அடுத்த ஆண்டு அந்தக் காரணம் விலகியதும் எந்தத் திட்டமும் இல்லாமலே மதிப்பெண் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். மிக மோசமான ஆண்டுக்குப் பிறகு பெரும்பாலும் வழக்கமான ஆண்டுதான் வரும்.

தலைகீழாகவும் நடக்கும். ஆர்வமாக முன்வரும் தலைமையாசிரியர்கள் உள்ள பள்ளிகளையே துறை முன்னோடியாகத் தேர்ந்தெடுப்பது உண்டு. அதிகாரிகள் அடிக்கடி வருகிறார்கள், காலிப் பணியிடம் உடனே நிரப்பப்படுகிறது, கழிவறை பழுது பார்க்கப்படுகிறது. இவ்வளவும் நடந்த இடத்தில் மதிப்பெண் கூடினால், அதற்குக் காரணம் புதிய கற்பித்தல் முறையா, நிரம்பிய பணியிடமா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இதற்கு மருந்துதான் ஒப்பீட்டுக் குழு. ஒரே மாதிரியான பள்ளிகளின் பட்டியலைப் போட்டு, குலுக்கல் முறையில் பாதிக்குத் திட்டத்தைக் கொடுத்து, மீதியை அப்படியே விட்டுவைத்து, இரண்டிலும் ஒரே தேர்வை வெளியாள் வைத்து நடத்துவது. கேட்க எளிமையாக இருக்கும் இதை அரசுகள் தவிர்க்கவே பார்க்கும். ‘என் தொகுதிப் பள்ளி ஏன் பட்டியலில் இல்லை’ என்று கேட்கும் சட்டமன்ற உறுப்பினரிடம் ‘குலுக்கலில் வரவில்லை’ என்று பதில் சொல்வது சுலபமில்லை.

தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பள்ளிகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகத் தெரியும். தமிழ்நாட்டின் அரசு மாதிரிப் பள்ளிகள் முதலில் 10 மாவட்டங்களில் தொடங்கின. 2022 செப்டம்பர் 5 அன்று 15 சேர்ந்தன. பிறகு 38 மாவட்டங்களுக்கும் வந்தன. அங்கிருந்து ஐஐடி போன்ற நிறுவனங்களுக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றிய செய்திகள் உண்மையிலேயே மகிழ்ச்சி தருபவை. கூலி வேலை பார்க்கும் பெற்றோரின் பிள்ளை அங்கே போவதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆனாலும் அது தனிக் கேள்வி. மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளிலிருந்து நன்றாகப் படிப்பவர்களைப் பொறுக்கி எடுத்து, விடுதியில் தங்கவைத்து, தனிப்பயிற்சி கொடுத்துக் கிடைத்த விளைவை வைத்து, சாதாரண அரசு மேல்நிலைப் பள்ளியை எப்படிச் சீர்திருத்துவது என்பதற்கு எந்தப் பாடமும் எடுக்க முடியாது. அந்தப் பிள்ளைகள் விட்டுவந்த வகுப்பறை இப்போது எப்படி இருக்கிறது என்பதையும் யாராவது அளக்க வேண்டும்.

இந்த வாதம் புதிதல்ல. 1986 தேசியக் கல்விக் கொள்கையில் நவோதயா பள்ளிகள் (ஒன்றிய அரசின் உறைவிடப் பள்ளிகள்) மற்ற பள்ளிகளுக்கு வழிகாட்டும் பள்ளிகளாகவே முன்வைக்கப்பட்டன. தனித்தீவாக நன்றாக நடப்பதில் அவை வென்றன. சுற்றியிருந்த பள்ளிகள் எந்த அளவுக்கு மாறின என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. 2022-இல் ஒன்றிய அரசு அறிவித்த பி.எம். ஸ்ரீ திட்டமும் அதே தர்க்கத்தில்தான் நிற்கிறது: ஐந்தாண்டுகளில் 27,360 கோடி ரூபாயில் 14,500 ‘முன்மாதிரி’ப் பள்ளிகள், அவற்றைப் பார்த்து மற்றவை மேம்படும் என்ற நம்பிக்கை. தமிழ்நாடு அதில் கையெழுத்திட மறுத்ததும், பள்ளிக் கல்விக்காக ஒன்றிய அரசு தரும் சமக்ர சிக்ஷா நிதி சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டதும், மாநில அரசு 2025-இல் உச்ச நீதிமன்றம் போனதும் மொழிக் கொள்கை, கூட்டாட்சி பற்றிய சண்டையாகவே பேசப்பட்டன. ஒரு பள்ளி மின்னினால் பக்கத்துப் பள்ளி எந்த வழியாக மேம்படும் என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

மத்தியப் பிரதேசம்: காகிதத்தில் வென்ற திட்டம்

அரசு நடத்திய பள்ளிச் சீர்திருத்த முன்னோடித் திட்டங்களில் மிகக் கவனமாக ஆராயப்பட்டவற்றுள் ஒன்று மத்தியப் பிரதேசத்தில் நடந்தது. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங் ஆகிய பொருளியலாளர்கள் அதை ஆராய்ந்து 2020-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முன்னோடித் திட்டங்கள் மீதான விமர்சனத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

பள்ளி நிர்வாகத்தை மேம்படுத்துவதுதான் நோக்கம். முதலில் ஒவ்வொரு பள்ளியையும் விரிவாக மதிப்பிட்டுத் தரவரிசை கொடுப்பார்கள். பிறகு அந்தப் பள்ளிக்கென்றே ஒரு மேம்பாட்டுத் திட்டம் எழுதப்படும். அதன் பிறகு அதிகாரிகள் வந்து முன்னேற்றத்தைப் பார்ப்பார்கள். உலக அளவில் நல்ல நடைமுறைகள் என்று பேசப்படும் பலவும் உள்ளே இருந்தன. குலுக்கல் முறையில் தேர்ந்த 1,774 பள்ளிகளில் அது நடந்தது. தேர்வாகாத பள்ளிகள் ஒப்பீட்டுக் குழு.

நடந்ததைக் கவனியுங்கள். மதிப்பீடுகள் ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளிலும் முடிந்தன. தரவரிசையும் பொய்யில்லை, எந்தப் பள்ளி நல்லது, எது மோசம் என்பதை அது ஓரளவு சரியாகவே காட்டியது. மேம்பாட்டுத் திட்டங்களும் எழுதப்பட்டன. ஆனால் அதற்குப் பிறகு எதுவும் மாறவில்லை. ஆசிரியர் வருகை, மாணவர் வருகை, அதிகாரிகளின் மேற்பார்வை, பிள்ளைகளின் கற்றல் எல்லாம் ஒப்பீட்டுப் பள்ளிகளில் இருந்தபடியேதான் இருந்தன.

ஏன்? களத்தில் இருந்த தலைமையாசிரியர்களிடமும் வட்டார அதிகாரிகளிடமும் ஆய்வாளர்கள் விரிவாகப் பேசினார்கள். படிவத்தை நிரப்பி மேலே அனுப்புவதுதான் திட்டம் என்று அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். அனுப்பியாயிற்று, வேலை முடிந்தது. மேலிருப்பவர்களும் கேட்டது அதைத்தான்: எத்தனை பள்ளி பதிவேற்றம் செய்தது, எத்தனை பாக்கி? எழுதியதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை.

சரி, இது தோல்வி என்று தெரிந்த பிறகு என்ன ஆனது? அங்கேதான் கதையே இருக்கிறது. திட்டம் வெற்றி என்றே எண்ணப்பட்டது. மாநிலத்துக்குள் பல்லாயிரம் பள்ளிகளுக்குப் போனது. அதே மாதிரியான திட்டம் ‘ஷாலா சித்தி’ என்ற பெயரில் நாடு முழுவதும் ஆறு லட்சத்துக்கும் அதிகமான பள்ளிகளுக்கு விரிந்தது. விரிவாக்கிய பின் மத்தியப் பிரதேசத்தில் மறுபடியும் அளந்தார்கள். கற்றலில் அப்போதும் மாற்றமில்லை.

இதில் யாரும் ஏமாற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நிர்வாகத்தின் கண்ணுக்குத் தெரியும் அளவுகோல்கள் எல்லாம் பச்சையாக இருந்தன. பிள்ளை வாசிக்கிறதா என்பது அந்த அளவுகோல்களில் ஒன்றாக இல்லை, அவ்வளவுதான்.

13 பள்ளிகளிலிருந்து மாநிலம் முழுக்க: செயல்வழிக் கற்றல்

தமிழ்நாட்டின் சொந்த அனுபவத்துக்கு வருவோம். 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திராவின் மதனப்பள்ளி அருகிலுள்ள ரிஷிவேலியில் உருவான கற்பித்தல் முறையை, செயல்வழிக் கற்றல் என்ற பெயரில், மாநகராட்சிப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். முதலில் 13 பள்ளிகள். அடுத்து மாநகராட்சியின் மற்ற தொடக்கப் பள்ளிகள். அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநராக ஆன பிறகு, 2007-08 வாக்கில் மாநிலத்தின் ஏறத்தாழ 37,000 பள்ளிகளுக்கு அது போய்ச் சேர்ந்தது.

ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை பிள்ளைகள் பெஞ்சில் வரிசையாக உட்காரவில்லை. பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கரும்பலகை இடம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் வரைந்ததும் எழுதியதும் தொங்கும். பாடம் சிறு சிறு படிகளாக உடைக்கப்பட்டு அட்டைகளாக இருக்கும். எந்த அட்டைக்குப் பின் எது என்பதைக் கற்றல் ஏணி காட்டும். பிள்ளையே தன் படியைப் பார்த்து, தட்டிலிருந்து அட்டையை எடுத்து, அதற்குரிய குழுவில் போய் உட்காரும். ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து வந்த பிள்ளை விட்ட படியிலிருந்தே தொடரலாம். தொடக்கக் கல்வியில் அச்சம் குறைய வேண்டும் என்று நினைக்கும் எவருக்கும் பிடித்துப்போகக்கூடிய முறை. அதைப் பார்க்க வெளிமாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

விமர்சனம் முறையைப் பற்றியதாக இருந்ததைவிட, அது வந்த விதத்தைப் பற்றியதாகவே இருந்தது. ரிஷிவேலியில் அந்த முறை பிறந்தது சின்னஞ்சிறு கிராமப் பள்ளிகளில். ஓர் ஆசிரியர், பல வயதுப் பிள்ளைகள், அட்டைகளை ஆசிரியர்களே சேர்ந்து உருவாக்கி, பல ஆண்டுகள் திருத்தித் திருத்தி வந்தது. அந்த ஆசிரியருக்கு ஒவ்வொரு அட்டையும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும். மாநிலம் முழுக்கப் போனபோது போனது அட்டையும் ஏணியும். அந்தப் பல ஆண்டுத் திருத்தம் போகவில்லை. அதை எந்த வண்டியிலும் ஏற்றி அனுப்ப முடியாது.

விளைவாக, நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆசிரியர் அட்டை எடுத்துக்கொடுப்பவராக ஆகிவிட்டார் என்ற குறை எழுந்தது. கிழிந்த அட்டைக்கு மாற்று வரவில்லை. புத்தகமும் வீட்டுப்பாடமும் இல்லாத வகுப்பைப் பார்த்த பெற்றோர், ‘பிள்ளை பள்ளிக்கூடத்தில் விளையாடிவிட்டு வருகிறது’ என்று நினைத்தார்கள். பார்வைக்கு வரும் அதிகாரிக்குச் சுலபமாகத் தெரிவது கம்பிப் பந்தலில் காகிதம் தொங்குகிறதா, அடைவு அட்டவணை நிரம்பியிருக்கிறதா என்பதே. ஆக, அவை தவறாமல் நிரம்பின. மத்தியப் பிரதேசத்தின் படிவக் கதைதான் இங்கே பாயும் அட்டையுமாக நடந்தது.

பின்னாளில் அது எளிமைப்படுத்தப்பட்டது, பாடப்புத்தகம் வகுப்புக்குள் திரும்பியது, 2012-13-இல் முப்பருவ முறையும், ஆண்டு முழுக்கப் பிள்ளையை மதிப்பிட்டுக்கொண்டே இருக்கும் தொடர் மதிப்பீடும் வந்தன. ‘செயல்வழிக் கற்றல் தோற்றது’ என்று அறிவிக்கப்படவும் இல்லை, வென்றது என்று நிலைநாட்டப்படவும் இல்லை. இத்தனை பெரிய முயற்சியிலிருந்து என்ன கற்றோம் என்பது எந்த அரசாணையிலும் பதிவாகாமல் கரைந்தது. என்னைக் கேட்டால், அந்த முறை கைவிடப்பட்டதைவிடப் பெரிய நட்டம் இதுதான்.

அதே முறை, வேறு கை

விரிவாக்கத்தில் ஏன் பலன் கரைகிறது என்பதற்கு வட மாநிலங்களில் நடந்த தொடர் ஆய்வுகள் தெளிவான விடை தருகின்றன. பிரதம் என்ற தொண்டு நிறுவனத்தின் முறை எளிமையானது: பிள்ளையை வகுப்பு வாரியாகப் பிரிக்காமல், வாசிக்கத் தெரிந்த அளவை வைத்துப் பிரித்து, அந்த அளவிலிருந்து கற்பிப்பது. தன்னார்வலர்கள் நடத்தியபோது பலன் கிடைத்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் அதை அரசு ஆசிரியர்களிடம் கொண்டுபோய்ச் சோதித்தார்கள்.

பீகாரிலும் உத்தராகண்டிலும் அரசு ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பொருள்களும் கொடுத்தார்கள். வழக்கமான பள்ளி நாளில் கற்றலில் ஏறக்குறைய ஒன்றும் நடக்கவில்லை. ‘அரசு ஆசிரியர்கள் சரியில்லை’ என்று உடனே முடிவுகட்டத் தோன்றும். ஆனால் அதே பீகாரில் 2008 கோடை விடுமுறையில், அதே அரசு ஆசிரியர்கள், ஒரு மாத முகாமில், அதே முறையில் கற்பித்தபோது பிள்ளைகள் முன்னேறினார்கள். விடுமுறையில் முடிக்க வேண்டிய பாடப்பகுதி இல்லை. வகுப்புவாரிப் பிரிவும் இல்லை. ஆக, குறை ஆசிரியரின் திறமையில் இல்லை. ‘போர்ஷனை முடி’ என்ற அன்றாட நெருக்கடியோடு புதிய முறை மோதியது, நெருக்கடி வென்றது.

அடுத்து ஹரியானாவில், 2012-13-இல், பள்ளி நேரத்திலேயே இதற்கென்று ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்கி, வட்டார அளவிலான அதிகாரிகளையே மேற்பார்வையாளர்களாகப் பழக்கினார்கள். இந்தி வாசிப்பில் முன்னேற்றம் தெரிந்தது, கணக்கில் தெரியவில்லை. அதே மாநிலத்தில் அதே காலத்தில், தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையையும் இதே வகையில் சோதித்தார்கள். அதனால் கற்றலில் எந்த மாற்றமும் இல்லை. அந்த மதிப்பீட்டு முறை 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே எழுதப்பட்டு, சோதிக்கும் முன்பே நாடு முழுக்கப் போயிருந்தது.

கென்யாவில் நடந்த ஒரு சோதனை இதை இன்னும் பட்டவர்த்தனமாகக் காட்டியது. ஒப்பந்த ஆசிரியர் திட்டத்தைச் சில பள்ளிகளில் தொண்டு நிறுவனம் நடத்தியது, சிலவற்றில் அரசே நடத்தியது. பள்ளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டிருந்தன. தொண்டு நிறுவனம் நடத்திய இடத்தில் மதிப்பெண் கூடியது. அரசு நடத்திய இடத்தில் கூடவில்லை. எனவே ‘வேறோர் இடத்தில் நிரூபிக்கப்பட்ட திட்டம்’ என்று ஓர் அமைச்சர் சொன்னால், அதை அங்கே நடத்தியது யார் என்று கேட்பது குதர்க்கம் ஆகாது.

ஆசிரியர்கள் எதைச் சொல்கிறார்கள்?

கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் இரண்டு பெரிய முயற்சிகள் நடந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கியது. முதலில் 12 மாவட்டங்களில் இரண்டு வார முன்னோட்டம். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலர்கள் மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் பாடம் நடத்தினார்கள். இரண்டு வாரத்தில் கற்றல் எதையும் அளக்க முடியாது என்பது தெரிந்ததே. பயிற்சியில்லாதவர்கள் ஆசிரியரின் இடத்துக்கு வருகிறார்கள், கதவைத் திறந்தால் எந்தக் கொள்கைக்காரர்கள் உள்ளே வருவார்களோ என்ற அச்சங்களும் அப்போது எழுந்தன. ஆனால் இங்கே ஒரு நல்ல தற்செயல் நடந்தது. கொரோனாவுக்கு முன்பே கிராமப்புறத் தமிழ்நாட்டில் பிள்ளைகளை அளந்து வைத்திருந்த ஆய்வாளர்கள், சுமார் 19,000 பிள்ளைகளை மறுபடி அளந்தார்கள். பள்ளி மூடியிருந்ததால் ஏற்பட்ட இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் சரியாகியிருந்தது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று அவர்கள் கணித்தார்கள். திட்டத்தை விமர்சித்தவர்களும் இந்த எண்ணை மதித்துத்தான் ஆக வேண்டும். மீதியுள்ள பெரும்பகுதி, சாதாரணமாகப் பள்ளி திறந்ததாலேயே வந்தது என்பதைப் புகழ்ந்தவர்களும் மறக்கக் கூடாது.

எண்ணும் எழுத்தும் 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கியது. 2025-க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் பிழையின்றி எழுதப் படிக்க, அடிப்படைக் கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டும் என்பது இலக்கு. ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கும் முறை. பிறகு நான்கு, ஐந்தாம் வகுப்புகளும் சேர்ந்தன. மேலே சொன்ன வட மாநில ஆய்வுகளை வைத்துப் பார்த்தால் அடிப்படை யோசனையில் தவறில்லை.

ஆசிரியர் சங்கங்களின் புகார் யோசனையைப் பற்றியது அல்ல, அதைச் சுற்றிக் கட்டப்பட்ட கண்காணிப்பைப் பற்றியது. ஓர் ஈராசிரியர் பள்ளியை நினைத்துப் பாருங்கள். ஐந்து வகுப்புகள், இரண்டு பேர். அதில் ஒருவர் தலைமையாசிரியர். அவருக்குச் சத்துணவுக் கணக்கு முதல் வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டம் வரை எல்லாம் உண்டு. மற்றவர் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கைபேசிச் செயலியில் மதிப்பீடு செய்ய வேண்டும். நெட் கிடைக்காது, சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு பிள்ளை கைபேசி முன் இருக்கும்போது மற்ற முப்பது பேரை யார் பார்ப்பது? இதற்கு மேல் எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளத்தில் தினசரிப் பதிவுகள். 2023-இல் பி.எட். பயிலும் மாணவர்களை அனுப்பி வகுப்பறையை மதிப்பிட வைத்தபோது அந்தக் கோபம் வெளிப்படையாகவே வெடித்தது.

இந்தப் புகாரை ‘வேலைக்குச் சோம்பல்’ என்று ஒதுக்கினால் முக்கியமான ஒன்று தவறிப்போகும். செயலியில் மதிப்பீட்டுக்கு எடுக்கும் நேரம் கற்பிக்கும் நேரத்திலிருந்து வெட்டப்படுவது. அளக்கும் செலவு திட்டத்தின் பலனைவிடக் கூடுதலாகிறதா என்பதே ஒரு முன்னோட்டத்தில் பார்க்க வேண்டிய கேள்வி. அதோடு இன்னொன்று: மதிப்பீட்டில் குறைவாக வந்தால் விளக்கம் கேட்பார்கள் என்று ஆசிரியருக்குத் தெரிந்த அந்த நாளே எண்கள் நம்பகத்தன்மையை இழக்கத் தொடங்கும். அரும்பு எல்லாம் காகிதத்தில் மலராகிவிடும்.

விமர்சனத்தில் நிற்காதவை

எல்லா விமர்சனத்தையும் ஏற்க வேண்டியதில்லை.

1. ‘எங்கள் பிள்ளைகளைச் சோதனை எலிகளாக்குகிறார்கள்.’ உணர்ச்சி புரிகிறது. ஆனால் முன்னோட்டமே இல்லாமல் ஒரே ஆண்டில் எல்லாப் பள்ளிக்கும் ஒரு முறையைக் கொண்டுவருவதும் சோதனைதான், இன்னும் பெரியது, யாரும் அளக்காதது. தொடர் மதிப்பீட்டு முறை வந்தது அப்படித்தான்.

2. ‘தொண்டு நிறுவனம் நுழைந்தாலே தனியார்மயம்.’ ஒப்பந்தம் என்ன, தரவு யாரிடம், பணம் யாருடையது என்று கேட்பது சரி. பெயரைக் கேட்டதும் கதவை மூடுவது வாதமாகாது.

3. ‘முதலில் காலிப் பணியிடங்களை நிரப்புங்கள், பிறகு சீர்திருத்தம்.’ இது பாதி உண்மை. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் என்ற நிலையில் எந்த முறையும் தள்ளாடும். ஆனால் ஆசிரியர் போதுமான அளவில் இருக்கும் பள்ளிகளிலும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் திணறுவதை இது விளக்காது.

அடுத்த அரசாணையில் எதைத் தேடுவது?

ஒரு புதிய முன்னோடித் திட்டத்தின் அரசாணையோ செய்திக்குறிப்போ கையில் கிடைத்தால், தொடக்க விழாப் படத்தைத் தாண்டி இவற்றைத் தேடலாம்.

1. பள்ளிகள் எப்படித் தேர்வாயின? ‘ஆர்வமுள்ள’, ‘தெரிவு செய்யப்பட்ட’ என்ற சொற்கள் மட்டும் இருந்தால், பிறகு வரும் வெற்றிக் கணக்கைப் பாதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

2. ஒப்பிடத் திட்டம் இல்லாத பள்ளிகள் உண்டா? அவற்றில் தொடக்கத்திலேயே மதிப்பீடு நடந்ததா? முடிவில் மட்டும் அளந்தால் எதுவும் தெரியாது.

3. தேர்வை நடத்துவது யார்? திட்டத்தை நடத்தும் துறையே அதை மதிப்பிட்டால், வேட்பாளரே வாக்கு எண்ணுவது போலத்தான்.

4. ஆசிரியரின் நாளிலிருந்து எந்த வேலை குறைக்கப்படுகிறது? புதிதாகச் சேர்ப்பதை மட்டும் சொல்லி, எடுப்பதைச் சொல்லாத அரசாணைதான் வழக்கம். ஹரியானாவில் அந்த ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டதே வேறுபாடு.

5. விரிவாக்கத் தேதி எப்போது? முன்னோட்டத்தின் முடிவு வருவதற்கு முன்பே அடுத்த கட்டத்துக்கு நிதி ஒதுக்கியாயிற்று என்றால், அது சோதனை அல்ல என்று வெளிப்படையாகவே தெரிந்துவிடுகிறது.

6. மதிப்பீட்டு அறிக்கை முழுமையாக வெளியாகுமா? சுருக்கத்தை மட்டும் கொடுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு மூல அறிக்கையைக் கேட்கலாம். எந்தத் தேர்வுத்தாள், எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளைகள் என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். பொதுவாகக் கேட்டால் விளம்பரப் புத்தகத்தின் நகல்தான் வரும்.

7. எந்த முடிவு வந்தால் திட்டம் நிறுத்தப்படும்? இந்த வரி இருக்கும் அரசாணையைக் கண்டால் எடுத்துப் பத்திரப்படுத்தி வையுங்கள். அடுத்த ஆண்டு விரிவாக்க அறிவிப்பு வரும்போது அதை வைத்துத்தான் கேள்வி கேட்க முடியும்.